நாநலத்தால் தொழில் வளர்த்த டேல் கார்னகி

முன்னுரை

வணிகம் செழிக்க முதல் வேண்டும். தக்க இடம் வேண்டும். ஓயாத உழைப்பு வேண்டும். இம்மூன்றையும் பற்றி எண்ணாத வணிகர் எவரும் இலர். ஆயின், தம் சரக்கின் தன்மையைப் பிறர் உளங்கொள்ள எடுத்துரைக்கும் சொல்லாற்றலும் வணிகத்திற்குரிய முதல்களுள் ஒன்றே என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே ஆவர். சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தளித்த வள்ளுவப் பெருந்தகையின் வழிவந்த நாம், அவ்விரண்டையும் அமைச்சர்க்கும் தூதர்க்கும் உரியனவாக ஒதுக்கிவிட்டு, கடைவீதியில் அமர்ந்திருக்கும் சிறு வணிகர்க்கு அவற்றால் பயனில்லை என்று கருதிவிட்டோமோ என ஐயுற வேண்டியுள்ளது.

நம் மாணவருள் சிறு வணிகக் குடும்பங்களிலிருந்து வருவோர் பலர். படிப்பு முடிந்ததும் தந்தையின் கடையில் அமர்வோரும், சிறிய அளவில் புதுத் தொழில் தொடங்குவோரும் அவர்களுள் உளர். தேர்வுத் தாளில் இருபது பக்கங்களைத் தடையின்றி எழுதி நிரப்பும் மாணவர், தமிழ் மன்றக் கூட்டத்தில் நன்றியுரை கூற அழைத்தால் தூணின் பின்னே ஒதுங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வங்கி மேலாளர் முன்னும், மொத்த வணிகர் முன்னும், நுகர்வோர் முன்னும் அவர் இவ்வாறே ஒதுங்கி நிற்பாராயின் அவர்தம் தொழில் எங்ஙனம் வளரும்? இக்கவலையே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

பேச்சுக் கலையை அரசியல் மேடையிலிருந்து இறக்கி, வணிகர்தம் அன்றாட வாழ்வுக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்க நாட்டினராகிய டேல் கார்னகி. அவர் பெரும்பட்டங்கள் பெற்றவர் அல்லர்; செல்வக் குடியில் பிறந்தவரும் அல்லர். அச்சத்தால் குன்றிய உழவர் மகன் ஒருவர் அதனை வென்று, பிறர்க்கும் அவ்வழியைக் காட்டிய வரலாறே அவருடைய வரலாறு ஆகும்.

பிறப்பும் வறுமையும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மேரிவில் என்னும் ஊரை அடுத்த பண்ணையொன்றில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் கார்னகி பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், கடும் உழைப்பாளி. தாயார் அமண்டா, திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர், ஆழ்ந்த இறைப்பற்றுடையவர்.

அக்குடும்பத்தின் நிலத்தை ஒட்டி ஆறொன்று ஓடியது. 102 என்னும் எண்ணையே பெயராகக் கொண்டது அவ்வாறு. ஏழாண்டுகளில் ஆறாண்டுகள் அதன் வெள்ளம் கரை புரண்டு மக்காச்சோளப் பயிரையும் வைக்கோலையும் அழித்தது. வளர்த்த கால்நடைகளைக் கொள்ளை நோய் வாரிச் சென்றது. வெள்ளம் வாராத ஓராண்டில் விளைச்சல் பெருகியபோதும், சந்தையில் விலை வீழ்ந்து ஊதியம் கிட்டாமற் போயிற்று. முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த தந்தையார்க்கு நாற்பத்தேழாம் அகவையில் எஞ்சியவை கடனும் அவமதிப்புமே.

ஒரு நாள், நிலத்தைப் பறிமுதல் செய்துவிடுவதாக வங்கியில் அச்சுறுத்தப்பட்டுத் திரும்பிய அவர், ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, இறங்கி, கீழே ஓடும் நீரை நெடுநேரம் நோக்கி நின்றார். உயிரை மாய்த்துக் கொள்ளலாமா என்று எண்ணினார். மனைவியார்தம் அசையாத இறை நம்பிக்கையே அன்று அவரைத் தடுத்து நிறுத்தியதென்று பின்னாளில் தம் மகனிடம் கூறினார். அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்து, 1941ஆம் ஆண்டில் தமது எண்பத்தொன்பதாம் அகவையில் அவர் மறைந்தார். உழைப்பு மட்டுமே ஒருவரைக் கரை சேர்த்துவிடாது என்னும் உண்மையை இளம் கார்னகி ஏட்டில் கற்கவில்லை. தந்தையின் முகத்தில் கண்டே கற்றார்.

குதிரை மேல் நிகழ்ந்த பயிற்சி

1904ஆம் ஆண்டில் குடும்பம் வாரன்ஸ்பர்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கார்னகி சேர்ந்தார். அக்கல்லூரியில் ஏறத்தாழ அறுநூறு மாணவர் பயின்றனர். நகரில் தங்கி உண்ணப் பொருளின்றி, நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து சென்றோர் ஐந்தாறு பேர் மட்டுமே. அவர்களுள் ஒருவரான கார்னகி குதிரை மீதமர்ந்து வந்தார், மாலையில் வீடு திரும்பிப் பால் கறந்தார், விறகு பிளந்தார், இரவில் விளக்கொளியில் படித்தார். இறுகிப்போன மேற்சட்டையும் கணுக்காலுக்கு மேலேறிய காற்சட்டையும் அவரைச் சக மாணவர் முன் கூனிக் குறுகச் செய்தன. முன்னரே இடக்கையின் சுட்டுவிரலை ஒரு விபத்தில் இழந்திருந்தார்.

கல்லூரியில் மதிப்புப் பெற்றோர் யாவர் என அவர் கூர்ந்து நோக்கினார். விளையாட்டு வீரர் ஒருசாரார். பேச்சுப் போட்டியில் வென்றோர் மற்றொரு சாரார். விளையாட்டுக்குரிய உடல் வலிமை தமக்கில்லை என்பதை உணர்ந்து பேச்சைத் தேர்ந்தார். திங்கள் பலவாகப் பயின்றார். குதிரையில் செல்லும்போதும் பேசிப் பார்த்தார். பால் கறக்கும்போதும் பேசிப் பார்த்தார். ஆயினும் போட்டிதோறும் தோல்வியே கண்டார். மனமுடைந்து வாழ்வையே வெறுக்கும் நிலைக்கும் சென்றார். அதன் பின்னரே வெற்றி வந்தது. வந்தபின் கல்லூரிப் பேச்சுப் போட்டிகள் அனைத்திலும் வென்றார். பிற மாணவர் அவரிடம் பயிற்சி பெற வந்தனர், அவர்களும் வென்றனர். தாம் பெற்றதைப் பிறர்க்கு வழங்க இயலும் என்பதை அவர் அறிந்துகொண்ட முதற்பொழுது அதுவே.

பேச்சாற்றல் பிறவியிலேயே வாய்க்கும் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அடுக்கடுக்கான தோல்விகளுக்குப் பின்னர்த் தேர்ச்சி பெற்ற இம்மாணவரின் வாழ்வு அவ்வெண்ணத்தை மறுக்கும் சான்றாகும்.

ஊர் சுற்றிய விற்பனையாளர்

1908ஆம் ஆண்டில் கல்லூரியை விட்டு வெளியேறிய கார்னகி, அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் ஒன்றின் பாடத்திட்டங்களை மேற்கு நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதிகளில் வாழ்ந்த பண்ணையார்களிடம் விற்க முற்பட்டார். எவ்வளவோ முயன்றும் வணிகம் நடக்கவில்லை. அல்லயன்ஸ் என்னும் ஊரில் தாம் தங்கியிருந்த விடுதி அறைக்கு ஒரு நண்பகலில் திரும்பிச் சென்று, கட்டிலில் விழுந்து அழுதார்.

பின்னர் அவ்வேலையை விட்டுத் தென் ஒமாஹா நகருக்குச் செல்ல முடிவு செய்தார். தொடர்வண்டிக் கட்டணத்திற்குக் கையில் பொருளில்லை. சரக்கு வண்டியில் கொண்டு செல்லப்பட்ட குதிரைகளுக்குத் தீனியும் நீரும் அளிப்பதைக் கட்டணத்திற்கு ஈடாகக் கொண்டு பயணம் செய்தார். அங்கே ஆர்மர் என்னும் நிறுவனத்தில் இறைச்சி, சோப்பு முதலியவற்றை விற்கும் வேலை கிடைத்தது. தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதி அவர்க்கு ஒதுக்கப்பட்டது. சரக்கு வண்டியிலும் குதிரை வண்டியிலும் குதிரை மீதும் ஏறி ஊர் ஊராகச் சென்றார். அறைக்கும் அறைக்கும் இடையே துணித் திரையே சுவராகத் தொங்கிய விடுதிகளில் உறங்கினார். விற்பனைக் கலை பற்றிய நூல்களை ஓய்வு நேரத்தில் பயின்றார்.

அந்நாளில் அவர் கையாண்ட முறை ஒன்று சிறு வணிகர் அனைவரும் கருதத்தக்கது. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் வாங்கிய சரக்குக்குப் பணம் தர இயலாத நிலையில் இருந்தால், அவரிடம் கார்னகி சினந்து பேசவில்லை. அவர் கடையில் விற்காமல் கிடந்த காலணிகளில் ஒரு டசனை எடுத்துச் சென்று, தொடர்வண்டித் தொழிலாளரிடம் விற்று, அப்பணத்தை நிறுவனத்திற்கு அனுப்பினார். கடன் தீர்ந்தது, கடைக்காரரின் தேங்கிய சரக்கும் விற்றது, நட்பும் நிலைத்தது. எதிரில் இருப்பவர்தம் தேவையை முதலில் அறிதல் வேண்டும் என்று பின்னாளில் அவர் வகுப்புகளில் வலியுறுத்திய பாடத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

தென் ஒமாஹாவிலிருந்து இயங்கிய 29 விற்பனை வழிகளுள் இருபத்தைந்தாம் இடத்தில் கிடந்தது அவருடைய பகுதி. இரண்டாண்டுகளில் அதனை முதலிடத்திற்கு உயர்த்தினார். நிறுவனம் பதவி உயர்வு தர முன்வந்தது. ஆனால் அவர் உள்ளம் வேறொன்றை நாடியது. 1911ஆம் ஆண்டில் வேலையைத் துறந்து நியூயார்க் நகரம் சென்றார்.

நியூயார்க்கில் பட்ட இடர்

நியூயார்க்கில் அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் பயின்று, நாடகக் குழுவொன்றுடன் ஊர் ஊராகச் சென்று நடித்தார். நடிப்பு தமக்கு ஏற்ற துறையன்று என உணர்ந்து மீண்டும் விற்பனைக்கே திரும்பினார். இம்முறை அவர் விற்றவை சரக்கு மோட்டார் வண்டிகள். தங்கியதோ மேற்கு 56ஆம் தெருவில் மலிவான ஓர் அறை. காலையில் கழுத்துப்பட்டையை எடுக்கக் கை நீட்டினால், அதன் பின்னிருந்து கரப்பான் பூச்சிகள் சிதறி ஓடும். உணவு விடுதிகளும் அவ்வாறே தூய்மையற்றிருந்தன. ஒவ்வோர் இரவும் தலைவலியுடன் அறைக்குத் திரும்பினார்.

ஈண்டு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். தெற்கு டகோட்டாவில் முதலிடம் பெற்ற அதே மனிதர், அதே நாவன்மையுடன் நியூயார்க்கில் மோட்டார் வண்டி விற்றார். ஆனால் அங்குச் சோர்வே மிஞ்சியது. காரணம் யாது? வண்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் அறியார். அறியும் விருப்பமும் அவர்க்கு இல்லை. அத்தொழிலை அவர் உள்ளூர வெறுத்தார். பொருளறிவும் ஈடுபாடும் இல்லாத இடத்தில் நாவன்மை தனித்து நின்று பயன் தராது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று. இவ்வுண்மையைத் தம் மாணவர்க்கு அவர் இறுதிவரை எடுத்துரைத்தார். நன்கறிந்ததையும் உளமார நம்புவதையும் மட்டுமே பேசுக என்பது அவர்தம் முதல் விதி.

125ஆம் தெருவில் தொடங்கிய பணி

வாழ்வுக்கு எது வழி என்று எண்ணிய கார்னகிக்கு, கல்லூரியில் கற்ற பாடங்கள் அனைத்தையும்விடப் பேச்சுப் பயிற்சியே உலகியலில் தமக்குப் பயன்பட்டது என்பது தெளிவாயிற்று. அது தம் அச்சத்தைப் போக்கியது. மனிதரோடு பழகும் துணிவைத் தந்தது. எனவே, அதனையே மாலை வகுப்புகளில் கற்பிக்க விரும்பிக் கொலம்பியா, நியூயார்க் ஆகிய இரு பல்கலைக்கழகங்களையும் அணுகினார். இரண்டும் மறுத்தன.

பின்னர் 125ஆம் தெருவிலிருந்த கிறித்தவ இளைஞர் சங்கத்தை, அஃதாவது ஒய்.எம்.சி.ஏ. கிளையை, 1912ஆம் ஆண்டில் நாடினார். இரவொன்றுக்கு இரண்டு டாலர் ஊதியம் கேட்டார். அதனையும் தர அச்சங்கம் துணியவில்லை. வகுப்பில் ஊதியம் மிஞ்சினால் அதில் ஒரு பங்கு தருவதாக மட்டும் இசைந்தது. வேறு வழியின்றி அவர் அதனை ஏற்றார். அந்த ஏற்பாடே அவர்க்குப் பெருவாய்ப்பாயிற்று. மூன்றாண்டுகளுக்குள் அதே கணக்கில் இரவொன்றுக்கு முப்பது டாலர் அவர்க்குக் கிடைத்தது.

அவ்வகுப்புக்கு வந்தோர் பட்டம் வேண்டி வந்தவர் அல்லர். விற்பனையாளர், சிறுதொழில் செய்வோர், அலுவலகப் பணியாளர் எனப் பல திறத்தினர் வந்தனர். கடுமையான வாடிக்கையாளர் ஒருவரைக் காணும் முன், துணிவு வரும்வரை தெருவை மும்முறை சுற்றி வரவேண்டிய நிலையை மாற்றிக்கொள்ளவே விற்பனையாளர் வந்தனர். கட்டணத்தைத் தவணையில் செலுத்தினர். பயனில்லை எனத் தோன்றினால் அடுத்த தவணையைச் செலுத்தமாட்டார். கார்னகியின் உணவோ அத்தவணையை நம்பியிருந்தது. ஆகவே, பழைய சொற்பொழிவு நூல்களின் இலக்கணத்தைப் பேசிக்கொண்டிருக்க அவர்க்கு நேரமில்லை. வந்தவர் அடுத்த நாளே தம் தொழிலில் பயன் காணும்படி கற்பிக்க வேண்டியவராயினார்.

தொடக்க வகுப்பொன்றில் தாம் கூற வைத்திருந்த செய்திகள் நேரத்திற்கு முன்பே தீர்ந்துவிட்டன. செய்வதறியாது, மாணவரை ஒவ்வொருவராக எழுப்பித் தமக்குச் சினமூட்டிய ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தார். என்ன வியப்பு! நடுங்கிக் கொண்டிருந்தவர்கள் நடுக்கத்தை மறந்து பேசினர். உள்ளத்தைத் தொட்ட பொருளைப் பேசும்போது நா தானே வழி காண்கிறது என்பதை அன்று கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பே அவர்தம் பயிற்சி முறைக்கு அடித்தளமாயிற்று.

பயிற்சியின் முறைகள்

கார்னகி வகுத்த முறைகள் எளியவை, எவரும் பின்பற்றத்தக்கவை.

முதலாவது, சொந்த வாழ்வில் கண்டதையும் பட்டதையும் பேசுதல். கடை நடத்துபவர் உலகப் பொருளியலைப் பற்றிப் பேச முற்பட்டால் தடுமாறுவார். தம் கடையில் நேற்று நிகழ்ந்ததைப் பேசினால் தடுமாறமாட்டார்.

இரண்டாவது, சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யாமை. மனப்பாடம் செய்தவர் ஒரு சொல்லை மறந்தால் அனைத்தையும் இழப்பார். கருத்துகளின் வரிசையை மட்டும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, சொற்களை அவ்வப்போது அமைத்துக்கொள்வதே தக்கது. ஆனால் ஆயத்தம் மட்டும் பேசுவதைப் போலப் பன்மடங்கு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நேர வரம்பு. வகுப்பில் ஒவ்வொருவரும் சில மணித்துளிகளே பேசினர். குறுகிய நேரத்தில் ஒரே கருத்தைத் தெளிவாகக் கூறப் பழகியவர், வணிகப் பேச்சிலும் கேட்போரைச் சலிப்படையச் செய்யார்.

நான்காவது, பேச்சின் அமைப்பு. பிறரைச் செயலில் ஈடுபடுத்த விரும்புபவர் முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்துதல் வேண்டும்; அடுத்து, கேட்போர் செய்ய வேண்டியது இன்னது எனச் சொல்லுதல் வேண்டும்; இறுதியாக, அதனால் அவர்க்கு விளையும் நன்மையைக் காட்டுதல் வேண்டும். விளக்கவுரையில் தொடங்கி வேண்டுகோளுக்கு வாராமலே முடித்துவிடுவதே பலருடைய குறை.

ஐந்தாவது, ஊக்குவித்தல். பேசி முடித்தவரின் குறைகளை அடுக்கிக் காட்டாமல், அவர் சிறப்பாகச் செய்த ஒன்றைச் சுட்டிப் பாராட்டுவது வகுப்பின் வழக்கம். அஞ்சி வந்தவர் மீண்டும் வருவதற்கு அதுவே காரணமாயிற்று.

பயன் பெற்ற சிலர்

வகுப்பில் பயன் பெற்றோர் சிலரைப் பற்றிய செய்திகள் அவருடைய நூல்களில் இடம்பெற்றுள்ளன. பொறிவினைஞராகவும் ஓட்டுநராகவும் இருந்து, பின்னர்ச் சரக்கு மோட்டார் வண்டி விற்க வந்த ஒருவர், ஓர் அலுவலகத்தின் கதவைத் திறக்கும் துணிவைப் பெறுவதற்குள் அதன் முன்னே ஐந்தாறு முறை மேலும் கீழும் நடப்பாராம். கூட்டத்தின் முன் பேசப் பழகியபின், தனியொருவர் முன் பேசுவது அவர்க்கு எளிதாயிற்று. நாளடைவில் தம் நிறுவனத்தின் சிறந்த விற்பனையாளருள் ஒருவரானார். மற்றொருவர் புரூக்ளின் பகுதி மருத்துவர். விருந்தொன்றில் திடீரெனப் பேச அழைக்கப்பட்டு, ஒரு சொல்லும் வாராமல், அவமானத்துடன் கூடத்தை விட்டு வெளியேறினார். ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை கார்னகியின் வகுப்பில் சேர்ந்ததே.

1950களின் தொடக்கத்தில் ஒமாஹா நகரில் இப்பயிற்சியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் உண்டு. மக்கள் முன் பேச நேருமே என்றஞ்சிய அவர், முன்னர் நியூயார்க்கில் இப்பயிற்சிக்கெனக் கொடுத்த காசோலையையே வங்கியில் நிறுத்திவைத்தவர். ஒமாஹாவில் நூறு டாலரை ரொக்கமாகச் செலுத்தித் துணிந்து சேர்ந்தார். அவரே பின்னாளில் உலகப் பெருஞ்செல்வருள் ஒருவரான வாரன் பஃபெட். தம் அலுவலகச் சுவரில் அவர் மாட்டிவைத்தது பல்கலைக்கழகப் பட்டங்களையன்று, இப்பயிற்சியின் சான்றிதழையே.

தம் தொழிலையும் பேச்சால் காத்தவர்

பிறர்க்குக் கற்பித்ததைக் கார்னகி தம் தொழிலிலும் கடைப்பிடித்தார். நியூயார்க்கின் பெரிய விடுதியொன்றின் கூடத்தைச் சொற்பொழிவுகளுக்காக ஒவ்வொரு பருவத்திலும் இருபது இரவுகள் வாடகைக்கு எடுத்திருந்தார். ஒருமுறை, நுழைவுச் சீட்டுகள் அச்சாகி விளம்பரமும் வெளிவந்தபின், வாடகை ஏறத்தாழ மும்மடங்காக உயர்த்தப்பட்டதாக அவர்க்குத் தெரிவிக்கப்பட்டது. சிறு தொழில் நடத்தும் எவரும் இந்நிலையில் சினங்கொள்வர். கார்னகி இரண்டு நாள் பொறுத்திருந்து மேலாளரைக் காணச் சென்றார். தம் இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவே கோடிட்டு, வாடகை உயர்வால் விடுதிக்கு விளையும் நன்மைகளை ஒருபுறமும் தீமைகளை மறுபுறமும் எழுதினார். கூடம் நடனங்களுக்குக் கிடைக்கும் என்பது நன்மை. தாம் வெளியேறினால் வரும் வாடகையும் போகும் என்பதும், படித்த பெருமக்கள் திரளாக விடுதிக்கு வரும் விளம்பர வாய்ப்பு அற்றுப்போகும் என்பதும் தீமைகள். தாளை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் வந்த மடல், வாடகை ஐம்பது விழுக்காடு மட்டுமே உயரும் எனத் தெரிவித்தது. எதிரிலிருப்பவரின் நோக்கில் நின்று பேசிய பேச்சு அவர் தொழிலைக் காத்தது.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்றும் கூறுதற்கில்லை. முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றியபின் ஐரோப்பாவில் தங்கி, இரண்டாண்டுகள் முயன்று புதினம் ஒன்றை எழுதினார். அது மதிப்பற்றது எனப் பதிப்புத் துறையினர் புறக்கணித்தனர். அத்தோல்வியை ஏற்றுக்கொண்டு, தமக்கு நன்கு கைவந்த முதியோர் வகுப்புகளுக்கே திரும்பினார். 1926ஆம் ஆண்டில் வணிகர்க்கான பேச்சுப் பயிற்சி நூலை வெளியிட்டார். 1932ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றை எழுதினார்.

அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வாடிய 1935ஆம் ஆண்டின் குளிர்மிகு சனவரி இரவொன்றில், நாளிதழ் விளம்பரத்தைக் கண்டு இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் நியூயார்க்கின் பென்சில்வேனியா விடுதிக் கூடத்தில் திரண்டனர். முன்னாள் மாணவர் பதினைவர் ஒலிபெருக்கி முன் ஒருவர்பின் ஒருவராக வந்து, தாம் பெற்ற பயனை ஆளுக்கு எழுபத்தைந்து நொடிகளில் எடுத்துரைத்தனர். தம் சரக்கின் சிறப்பைத் தாமே புகழாமல், பயன்பெற்றோரைக் கொண்டு கூறச் செய்த அவ்வுத்தி, விளம்பரத்திற்குப் பெரும்பொருள் செலவிட இயலாத சிறு வணிகர்க்கு இன்றும் பொருந்துவதாகும்.

நூலும் எதிர்ப்பும்

பதிப்பகம் ஒன்றைச் சேர்ந்த லியோன் ஷிம்கின் அவர் வகுப்பில் கலந்துகொண்டு, உரைகளை நூலாக்குமாறு தூண்டினார். அவ்வாறு 1936ஆம் ஆண்டில் வெளிவந்ததே நண்பர்களைப் பெறுவதும் பிறர் உள்ளத்தை வெல்வதும் எவ்வாறு என்பதை விளக்கும் அவர்தம் புகழ்மிக்க நூல். அவர் மறைவதற்குள் அந்நூல் 31 மொழிகளில் 50 இலட்சம் படிகள் விற்றது. தமிழிலும் அது பெயர்க்கப்பட்டுள்ளது.

புகழோடு எதிர்ப்பும் வந்தது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் சிங்கிளேர் லூயிஸ், பிறரிடம் காரியம் சாதித்துக்கொள்வதற்காகப் புன்னகைக்கவும் அக்கறை உள்ளவர்போல் நடிக்கவும் கார்னகி கற்பிப்பதாகக் கடிந்தார். இக்குற்றச்சாட்டை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. சொல் கூரிய கருவி. நல்ல சரக்கை விற்கப் பயன்படும் அதே சொல் பழுதான சரக்கை விற்கவும் பயன்படும். இனிக்கப் பேசி எடையில் குறைப்பவரையும், புகழ்ந்து பேசிப் பொய்ச் சரக்கைத் தலையில் கட்டுபவரையும் நாம் கண்டிருக்கிறோம்.

கார்னகி இதனை அறியாதவர் அல்லர். முகமனுக்கும் உண்மைப் பாராட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் நூலிலேயே வகுத்துக் காட்டினார். முன்னது பல்லிலிருந்து வருவது, பின்னது நெஞ்சிலிருந்து வருவது என்னும் கருத்தில் விளக்கினார். எனினும், படிப்போர் அனைவரும் அவ்வேறுபாட்டைக் காப்பர் என்பதற்கு எந்நூலும் பிணை நிற்க இயலாது. அது படிப்போர்தம் மனச்சான்றைப் பொறுத்தது. வாடிக்கையாளரை ஒருமுறை ஏமாற்றிய நாவன்மையை அவர் மறுமுறை நம்பார். ஆதலின், வாய்மை அறத்தின்பாற்பட்டது மட்டுமன்று. வணிகம் நிலைத்து நிற்பதற்கும் அதுவே அடிப்படை என்பது நம் துணிபு.

இறுதிக் காலம்

1944ஆம் ஆண்டில் டோரதி என்னும் அம்மையாரைக் கார்னகி மணந்தார். அதற்கு முன் நிகழ்ந்த முதல் திருமணம் 1931ஆம் ஆண்டில் முறிவுற்றிருந்தது. கவலையை வெல்லும் வழிகளைக் கூறும் நூலை 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாலத்தின் மேல் நின்ற தந்தையாரின் கதையை அந்நூலில்தான் எழுதினார். 1951ஆம் ஆண்டில் அவர்க்கு மகள் பிறந்தார். 1955ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நியூயார்க்கில் அவர் இயற்கை எய்தினார். உடல் மிசூரி மாநிலத்தின் பெல்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. அதற்குள் அவர் நிறுவனத்தில் பயிற்சி பெற்றோர் தொகை நான்கரை இலட்சத்தை எட்டியிருந்தது. இரவொன்றுக்கு இரண்டு டாலர் பெறாத அச்சிறு தொழிலை, அவர்க்குப்பின் டோரதி அம்மையார் தலைமையேற்று மேலும் வளர்த்தார்.

முடிவுரை

கார்னகியின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்கவை பல. அச்சம் எவர்க்கும் உண்டு. பயிற்சியால் அது நீங்கும். பேச்சுக்கு முன் பொருளறிவு வேண்டும். தம் தேவையைக் கூறுமுன் பிறர் தேவையை அறிதல் வேண்டும். இவை யாவற்றினும் மேலாக, சொல்லும் சரக்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மன்றக் கூட்டம் நடக்கும்போது தூணின் பின்னே ஒதுங்காதீர். நன்றியுரையாயினும் வரவேற்புரையாயினும் முன்வந்து இரண்டு மணித்துளி பேசுக. முதல் நாள் கால் நடுங்கலாம், சொல் தடுமாறலாம், நகைப்போரும் இருக்கலாம். குதிரை மேலமர்ந்து பேசிப் பேசிப் பார்த்தும் தோற்றுக்கொண்டேயிருந்த அந்த உழவர் மகனை அப்போது நினைத்துக்கொள்க. கடைக்குத் திரும்பியபின், உங்கள் சரக்கு எங்கிருந்து வருகிறது, எவ்வாறு ஆகிறது, ஏன் இவ்விலை என்பனவற்றை முதலில் நீங்கள் தெளிக. பின்னர் வாங்க வருபவர்க்கு அவற்றைத் தெளிவுறச் சொல்க.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் பேச்சு முழுவதையும் தாமே பேசிவிடாமல், உடனிருக்கும் இளைஞரை ஒருநாள் பேசவிடுவீராக. அவர் பிழைபடச் சொன்னால் வாடிக்கையாளர் முன் திருத்தாமல், கடை மூடியபின் தனித்துச் சொல்வீராக. அவ்வாறு வளரும் சொல்லாற்றல் அவரோடு நில்லாது, குடும்பத்தின் தொழிலையும் உயர்த்தும் என்பது உறுதி.